பையனை ஊர்ப் பள்ளியிலேயே வைப்பதா, வட்டார மையத்துக்கு மாற்றுவதா?

கரிசல்_தையல்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு கரிசல் கிராமம். வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைக்கிறேன். மகனுக்கு 7 வயது முடிந்துவிட்டது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, மூளை முடக்குவாதம். இரண்டு காலும் இறுக்கம். வலது கை மடங்கியே இருக்கும், இடது கை நன்றாக வரும். பேச்சு கொஞ்சம் இழுக்கும். வீட்டில் எல்லாருக்கும் புரியும், வெளியாட்களுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும். அறிவு தெளிவு. நான் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை ஜாக்கெட், என்ன கூலி என்று கணக்கு வைத்துக்கொள்வான்.

உள்ளூர் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வீட்டிலிருந்து நாலு தெரு. காலையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விடுவேன். 11 மணிக்குப் போய் ஒன்றுக்கு விட்டு வருவேன், மதியம் ஊட்டிவிடுவேன், சாயங்காலம் தூக்கி வருவேன். இரண்டு வருடமாக இப்படித்தான். இப்போது அவன் 19 கிலோ. எனக்கு இடுப்பு வலி பெரிதாகிவிட்டது, போன மாதம் நாலு நாள் படுத்துவிட்டேன். அந்த நாலு நாளும் அவனுக்குப் பள்ளி இல்லை.

போன வாரம் எச்.எம். சார் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். ஒன்று, ஒன்றியத் தலைமையிடத்தில் இருக்கும் வட்டார வள மையத்துப் பகல் நேர மையத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றார். 18 கிலோமீட்டர், பஸ் மாற வேண்டும். இல்லையென்றால் வீட்டுவழிக் கல்வியில் போட்டுவிடலாம், ஸ்பெஷல் டீச்சர் வாரம் ஒரு தடவை வீட்டுக்கே வருவார், பேர் நம்ம பள்ளி எமிஸிலேயே (அரசின் இணைய மாணவர் பதிவு) இருக்கும், உதவித்தொகை எதுவும் போகாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் இடுப்பைப் பார்த்துத்தான் சொன்னார்.

பையன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். ராத்திரி படுக்கும்போது, "அப்ப நாளைக்கு அட்டெண்டன்ஸ்ல என் பேர் கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் கொடுத்த படிவம் இன்னும் மிஷின் டிராயரில்தான் இருக்கிறது. இதில் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஒன்றியம்_சுற்றி:

அக்கா, முதலில் ஒன்று. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடவில்லையே? போட வேண்டாம். டிராயரிலேயே இருக்கட்டும்.

நான் சிறப்பாசிரியர். 12 வருடமாக ஒரே ஒன்றியத்தில் பைக்கில் சுற்றுகிறேன். உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு வழியும் உண்மையிலேயே இருக்கும் வழிகள்தான். ஆனால் அவை யாருக்காக வந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுவழிக் கல்வி என்பது, படுக்கையை விட்டு எழவே முடியாத பிள்ளையும் கல்விக் கணக்கில் விடுபடக் கூடாது என்று வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012 இல் செய்த திருத்தத்தில் அது சேர்ந்தது. கடுமையான குறைபாடோ பல குறைபாடுகளோ உள்ள பிள்ளை அதைக் கேட்டுப் பெறலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. கேட்பது பிள்ளையின் பக்கம். பள்ளி அதை முடிவு செய்து கையில் கொடுக்க முடியாது.

அடுத்து, 2016 இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 31. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, எது வேண்டுமோ அதில், இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. "எது வேண்டுமோ அதில்" என்பதை மனதில் வையுங்கள். எச்.எம். சாரிடம் சண்டைக்குப் போக இது தேவைப்படாது. தேர்வு உங்கள் கையில் இருக்கிறது என்ற தெம்போடு போய் உட்கார இது போதும்.

பகல் நேர மையம் நல்ல இடம். நானே அங்கே வேலை பார்த்திருக்கிறேன். பிசியோ வருவார், உதவியாளர் இருப்பார், தாய்மார்களும் பிள்ளையோடு வந்து உட்கார்ந்து பயிற்சி கற்றுக்கொள்வார்கள். ஆனால் கணக்குப் போடும் பிள்ளைக்கு அது பள்ளிக்கு ஈடாகாது. அங்கே இரண்டாம் வகுப்புப் பாடம் நடக்காது. உங்கள் மகன் மையத்துக்கு வாரம் ஒரு நாள் தெரபிக்குப் போகலாம், மற்ற நாள் பள்ளியில் இருக்கலாம். இப்படிச் செய்ய முடியும் என்று பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

சில கேள்விகள். யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இருக்கிறதா? விழுக்காடு எவ்வளவு? உங்கள் ஒன்றியத்துச் சிறப்பாசிரியர் பள்ளிக்குக் கடைசியாக எப்போது வந்தார்? தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு தாள், நாங்கள் ஐ.இ.பி. என்போம், அதில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா?

கரிசல்_தையல்:

அட்டை இருக்கிறது சார், 70 விழுக்காடு. ஸ்பெஷல் டீச்சர் மாதம் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை வருவார். தங்கமான பெண். அவருக்கும் நிறையப் பள்ளி. ஐ.இ.பி. என்ற பேரையே இப்போதுதான் கேட்கிறேன்.

ஈராசிரியர்:

இங்கே ஆசிரியர் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்று தோன்றியது. நான் தஞ்சை மாவட்டத்தில் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இருக்கிறேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் எச்.எம். அவருக்குப் பாதி நாள் பதிவேடும் கூட்டமும்.

அம்மா, உங்கள் எச்.எம். சொன்னதை நானும் ஒரு தாயிடம் சொல்லியிருக்கிறேன், 2019 இல். பிள்ளை பிடிக்காமல் சொல்லவில்லை. ஒரு நாள் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது அந்தப் பெண் குழந்தை பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்து உதடு கிழிந்துவிட்டது. அன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அந்தக் குழந்தை பள்ளிக்கு வரவே இல்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது பக்கவாட்டில் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. அது எனக்கு அன்று தெரியாது, சொல்லித்தரவும் யாருமில்லை. நான் படித்த ஆசிரியர் பயிற்சியில் இது ஒரு பாடத்தில் ஒரு அலகு. தேர்வுக்கு எழுதினேன், அதோடு சரி.

சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பத்து மணிக்கு அந்தப் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தால் யார் தூக்குவது? நான் தூக்கினால் மீதி 34 பேரை யார் பார்ப்பது? ஒன்றியம்_சுற்றி சார், இதற்கு உங்களிடம் என்ன வழி இருக்கிறது என்று மனம்விட்டுச் சொல்லுங்கள்.

ஒன்றியம்_சுற்றி:

சார், உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

ஒன்றியத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவில்தான் நாங்கள் இருக்கிறோம். பள்ளிகளோ ஏராளம். எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று ஒன்றிய அரசு கணக்கு வகுக்க வேண்டும் என்று 2021 அக்டோபர் 28 இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு 2022 இல் ஒன்றிய அரசு, தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கணக்கு அறிவித்தது. அந்தக் கணக்குக்கு நாங்கள் பக்கத்தில்கூட இல்லை. இருப்பவர்களும் தொகுப்பூதியத்தில்தான் ஓடுகிறோம். எங்கள் சம்பளம் ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்ட நிதியிலிருந்து வருகிறது. 2024-25 இல் பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான 2,152 கோடியை நிறுத்தி வைத்தபோது, அது வெறும் அரசியல் செய்தியாகத்தான் பலருக்குத் தெரிந்தது. எங்களுக்கு அது பைக்குக்குப் பெட்ரோல்.

ஆனாலும் ஒன்றுக்கு விடும் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதே 2016 சட்டத்தின் பிரிவு 16, பள்ளி செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் இடத்தில், பிள்ளைக்குப் போக்குவரத்து வசதியையும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையின் துணையாளுக்கும் அதே வசதியையும் சேர்த்தே சொல்கிறது. சமக்ர சிக்ஷாவில் போக்குவரத்துப் படி, துணையாள் படி என்று தலைப்புகள் உண்டு. எச்.எம். பரிந்துரைத்து மையத்துக்கு அனுப்ப வேண்டும். பணம் பெரிதாக இருக்காது, வரவும் தாமதமாகும். இருந்தாலும் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் பள்ளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரிடம் "11 மணிக்கும் 1 மணிக்கும் வந்து போங்க" என்று பேசி முடிக்கலாம். எங்கள் ஒன்றியத்தில் மூன்று பள்ளிகளில் இப்படி நடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போட்டு எழுதி வைத்துவிட்டால், எச்.எம். மாறினாலும் ஏற்பாடு நிற்காது.

ஆசிரியரே தூக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். பிள்ளையை வெளியே அனுப்புவதற்கு முன்னால் இந்த ஒரு முயற்சியைச் செய்து பார்க்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

மாங்கனி_அப்பா:

சேலத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் மையத்தைக் கொஞ்சம் இறக்கிப் பேசுவது போல் இருக்கிறது. என் அனுபவம் வேறு.

என் மகனுக்கு இப்போது 24 வயது. அறிவுசார் குறைபாடு, அதோடு வலிப்பும் உண்டு. ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை உட்கார வைத்தோம். உட்கார வைத்தோம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கடைசி பெஞ்சில் ஒரு மூலை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, எதுவும் சொல்லித்தரவும் இல்லை. மூன்று வருடத்தில் அவன் அங்கே கற்றுக்கொண்டது, மணி அடித்தால் எழுந்து நிற்பது.

அப்புறம் சிறப்புப் பள்ளிக்கு மாற்றினோம். ஆறு மாதத்தில் தானாகச் சட்டைப் பொத்தான் போட்டான். ஒரு வருடத்தில் தானாகக் கழிவறை போனான். பொத்தான் போடுவதை அவர்கள் பன்னிரண்டு படியாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் டீச்சர் எல்லாம் போட்டுவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடுவார். "நானே போட்டேன்" என்ற சந்தோஷம் முதல் நாளே அவனுக்குக் கிடைத்துவிட்டது. 35 பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரால் இது முடியும்?

என் மகனுக்கு அதுதான் பள்ளி. நான் யாருக்கும் ஒரு வழி சொல்லவில்லை தங்கச்சி. உன் மகன் கணக்குப் போடுகிறான், பாடம் அவனுக்கு எட்டுகிறது. அவன் வகுப்பில் இருக்கட்டும். ஆனால் இதைப் படிக்கும் வேறு பெற்றோர் "ஊர்ப் பள்ளிதான் உயர்த்தி" என்று நினைத்துக்கொண்டு, என்னைப் போல மூன்று வருடத்தை விட்டுவிடக் கூடாது. பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கிறதா, கற்கிறதா, அதை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. மூளை முடக்குவாதம் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 இன் கீழ் வரும். அதில் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை. தெரபிச் செலவும் அதில் அடங்கும். போடாமல் இருந்தால் போட்டுவிடு.

பாளை_அம்மா:

அண்ணன் சொன்னதோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கண்டுபிடிப்பதற்குள் காக்ளியர் (அறுவை செய்து காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைக்கும் வயது தாண்டிவிட்டது. ஊர்ப் பள்ளியில் அவள் ஒருத்திதான் அப்படி. எல்லாப் பிள்ளைகளும் அவளிடம் பிரியமாக இருந்தார்கள். மிட்டாய் கொடுப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவரும் அவளோடு பேச முடியாது. ஆறு வயசில் பேச்சுத் துணை இல்லாமல் ஒரு பிள்ளை.

பாளையங்கோட்டையில் 1897 இலிருந்து காது கேளாதோர் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே சேர்க்கப் போன அன்று, மைதானத்தில் அத்தனை பிள்ளைகளும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இவளைப் பார்த்து ஏதோ கேட்டாள். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தன்னிடம்தான் கேட்கிறாள் என்று புரிந்துவிட்டது. என் கையை விட்டுவிட்டு ஓடினாள். நான் கேட்டுக்கு வெளியே நின்று அழுதேன்.

காது கேளாத பிள்ளைக்கு முதலில் மொழி வேண்டும். அந்த மொழி பேசுகிற கூட்டம் வேண்டும். அதைக் கொடுக்க முடியாத பள்ளி நாலு தெரு பக்கத்தில் இருந்தாலும் அது தூரம்தான்.

கரிசல் அக்கா, உங்கள் மகனுடைய கூட்டம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அட்டெண்டன்ஸைப் பற்றிக் கேட்டானே, அதிலேயே தெரிகிறதே.

புள்ளி_ஆறு:

நான் பார்வையற்றவள், வங்கியில் வேலை. கணினி படித்துக் காட்டக் கேட்டுத்தான் இந்த இழை முழுவதும் படித்தேன்.

எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். எட்டாம் வகுப்பு வரை சிறப்புப் பள்ளி விடுதி, அப்புறம் ஊர்ப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி. சிறப்புப் பள்ளி எனக்குப் பிரெயில் கொடுத்தது. ஆறு புள்ளிதான், ஆனால் அதை விரல் பழகும் வயதில் பழகிவிட வேண்டும். வட்டாரத்துக்கு ஒருவர் மாதம் ஒரு முறை வந்து சொல்லிக்கொடுத்து அது வராது. தினமும் வேண்டும். ஆனால் அதே விடுதி ஆறு வயதில் என்னை வீட்டிலிருந்து பிரித்தது. தங்கை பிறந்தது, பாட்டி போனது எல்லாம் எனக்குத் தகவலாகத்தான் வந்தது. இரண்டும் உண்மை.

மேல்நிலைப் பள்ளியில் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைத்தது. மொழிப்பாட விலக்கும் கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை. தமிழ் எனக்குப் பிடித்த பாடம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் மகன் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்பதை இப்போதிருந்தே வகுப்பு ஆசிரியர் பதிவு செய்து வைக்கட்டும். பத்தாம் வகுப்பில் சலுகை கேட்கும்போது, புதிதாகக் கேட்பது போல் நிற்க வேண்டியிருக்காது.

இயன்முறை_கை:

நான் பிசியோதெரபிஸ்ட். ஒரு வட்டார மையத்தில் வாரம் இரண்டு நாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மையத்தில் என் கையில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அரைமணி, மிஞ்சினால் முக்கால் மணி. அந்த முக்கால் மணியில் நான் நீட்டிவிட்ட தசை, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உங்கள் மடியில் மடங்கி உட்கார்ந்தே திரும்ப இறுகிவிடும். அதனால் பிள்ளை ஒரு நாளில் எட்டு மணி நேரம் எப்படி உட்காருகிறது என்பதுதான் தெரபி. நான் செய்வது அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை.

வீட்டில் தரையில் எப்படி உட்காருகிறான்? இரண்டு முழங்காலையும் முன்னே சேர்த்து, பாதங்களை இரண்டு பக்கமும் வெளியே விட்டு, பின்பக்கத்தைத் தரையில் ஊன்றியா? ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி இருக்கும். இறுக்கம் உள்ள பிள்ளைகள் பலரும் அப்படித்தான் உட்காரப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அதில் விழாமல் இருக்க முடிகிறது. ஆனால் இடுப்பு மூட்டுக்கு அது ஆகாது. பார்க்கும்போதெல்லாம் கால்களை முன்னுக்கு எடுத்துவிடுங்கள். திட்ட வேண்டாம், எடுத்துவிட்டால் போதும்.

நாற்காலிக்கு மூன்று விஷயம். பாதம் முழுதாக எதிலாவது பதிய வேண்டும், தொங்கக் கூடாது. முழங்காலும் இடுப்பும் பெட்டி மூலை போல மடங்க வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். மேசையின் முன்விளிம்பில் வயிறு நுழையும் அளவுக்கு அரைவட்டம் வெட்டிவிட்டால், இரண்டு முழங்கையும் பலகையில் ஊன்றிக்கொள்ளும், பிள்ளை சரியாது. ஈராசிரியர் சாருடைய மாணவிக்கு இது இருந்திருந்தால் உதடு கிழிந்திருக்காது. சார், இது உங்கள் மேல் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த மாணவியை மையத்தில் பார்த்த என்னைப் போன்ற ஒருவர் உங்கள் பள்ளிக்கும் வந்து சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய செலவு வேண்டாம். ஊரில் மரவேலை ஆசாரி இருந்தால் போதும்.

பென்சில்: பழைய சைக்கிள் டியூபை விரல் நீளத்துக்கு வெட்டிப் பென்சிலில் சுற்றுங்கள். பிடி தடிமனாக இருந்தால் இடது கை சீக்கிரம் அசராது. ஸ்பூனுக்கும் அதே டியூப். ஊட்டுவதை மெதுவாக நிறுத்துங்கள், சிந்தினால் சிந்தட்டும்.

மருத்துவ மதிப்பீட்டு முகாமில் சக்கர நாற்காலிக்கு எழுதிக்கொடுக்கும்போது, பிள்ளையைக் கூடவே கொண்டுபோய் அளவெடுக்கச் சொல்லுங்கள். அளவு பார்க்காமல் வாங்கிய பெரிய நாற்காலியில் ஏழு வயதுப் பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். முதுகும் அப்படியே வளைந்துவிடும். சி.பி. சேர், அதாவது மூளை முடக்குவாதப் பிள்ளைக்கான நாற்காலி, என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் இடுப்பு. இனி அவனை ஒரு பக்க இடுப்பில் தூக்காதீர்கள். இறக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். நீங்கள் படுத்தால் அவனுக்குப் பள்ளி இல்லை, நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஈராசிரியர்:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நன்றி மேடம்.

கரிசல் அம்மா, உங்கள் பள்ளியிலும் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம்தான் நடக்கும். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலையில் வேலை செய்யும், தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை வைத்து விளையாட்டு. உங்கள் மகனுக்கு இது நல்லதும்கூட, சிக்கலும்கூட. நல்லது என்னவென்றால் எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. சிக்கல், வகுப்பே தரையில் இருக்கும்போது இவன் மட்டும் நாற்காலியில் உயரத்தில் தனியாக இருப்பான். ஆசாரியிடம் சொல்லும்போது, தரையில் வைக்கும் கால் குட்டையான சாய்மானம் ஒன்றும் சேர்த்துக் கேளுங்கள். பாட நேரத்துக்கு ஒன்று, வட்டத்துக்கு ஒன்று.

கரிசல்_தையல்:

மூன்று வாரமாக வர முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்கள் ஸ்பெஷல் டீச்சருக்குப் போன் செய்தேன். ஒன்றியம்_சுற்றி சார் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அக்கா, நானே சொல்லியிருக்கணும். வீட்டுவழில போட்டா எனக்கும் எழுத ஈசி, அவருக்கும் ஈசி. அப்படியே பழகிடுச்சு" என்றார். மறுநாளே வண்டியில் வந்துவிட்டார்.

இருவருமாக எச்.எம். சார் முன்னால் உட்கார்ந்தோம். நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பள்ளியிலேயே இருக்கட்டும் சார், தெரபிக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் மையத்துக்குக் கூட்டிப்போறேன்" என்றேன். "விழுந்துட்டான்னா யார்மா பதில் சொல்றது?" என்றார். நான் நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். செல்லில் இயன்முறை மேடம் எழுதியதைக் காட்டினேன். வாங்கி முழுவதும் படித்தார். "வெட்டின மேசையா?" என்று கேட்டார். அவருடைய மச்சான் ஆசாரியாம்! அது எனக்குத் தெரியாது.

பழைய பெஞ்சுப் பலகையில் செய்தார்கள். இடுப்பு வாரை நான் தைத்தேன், பள்ளிக்கூடப் பை வார் துணியில், உள்ளே பஞ்சு வைத்து, பிடித்தால் அவனே கழற்றிவிடுகிற ஒட்டுப் பட்டையோடு. அவனே கழற்ற வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கட்டிப்போட்டது போல் இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்துவிடவில்லை. கழிவறையில் சாய்தளம் இருக்கிறது, உள்ளே தரைப் பீங்கான்தான். இப்போதைக்கு உட்காரும் இடத்தில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை அதன் மேல் போட்டிருக்கிறோம், ஆடுகிறது. மேலாண்மைக் குழுவில் மேற்கத்தியக் கழிவறை ஒன்று கேட்டுத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். துணையாள் படிக்கு எழுதி அனுப்பியாகிவிட்டது, வரவில்லை. அதுவரை 11 மணிக்கு நான் போகிறேன், ஒரு மணிக்குச் சத்துணவு அக்கா பார்த்துக்கொள்கிறார். அவர் கேட்காமலேயே செய்கிறார்.

முதல் வாரம் மையத்துக்குப் போய் வந்ததில் அன்று முழுநாளும் போய்விட்டது. பஸ் மாறும் இடத்தில் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். இந்தப் பஸ் அலைச்சலுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.

மேசை வந்த அன்று இரண்டு கையையும் பலகையில் ஊன்றி உட்கார்ந்தான். எப்போதும் ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டே இருப்பான், விழுந்துவிடுவோம் என்று. அன்றைக்குத்தான் இடது கை சும்மா இருந்தது. டீச்சர் கேள்வி கேட்டபோது அந்தக் கையைத் தூக்கினான். அவர் அடுத்த பிள்ளையைக் கேட்கப் போய்விட்டு, திரும்பிப் பார்த்தாராம்.

இயன்முறை_கை:

வார் உள்ளே பஞ்சு வைத்தது நல்ல யோசனை, எனக்கு இது வரை தோன்றவில்லை. கழிவறை நாற்காலிக்கு ஆட்டம் நிற்க, நாலு காலிலும் ரப்பர் தொப்பி மாட்டி, பின்னங்கால் இரண்டையும் சுவரில் அடித்த கொக்கியில் கயிற்றால் இறுக்குங்கள். வகுப்பில் உட்காரும் நாற்காலியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாதப் பலகையைக் கீழே இறக்க வேண்டும், வளர்கிற பிள்ளை. ஆணி அடித்திருந்தால் எடுத்துவிட்டு நட்டு போல்ட்டாக மாற்றச் சொல்லுங்கள்.

ஒன்றியம்_சுற்றி:

அக்கா, பஸ் விஷயம். உங்கள் தடத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள் மையத்துக்கு வருகிறார்கள் என்று உங்கள் ஸ்பெஷல் டீச்சரிடம் பட்டியல் இருக்கும். நாலைந்து பேர் ஒரே திசையில் இருந்தால், எல்லாருடைய போக்குவரத்துப் படியையும் சேர்த்து ஒரு ஷேர் ஆட்டோ பேசலாம். தெரபி நாளையும் எல்லாருக்கும் ஒன்றாக மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாய்மார்களை நீங்களே முதலில் போனில் கூப்பிடுங்கள், எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஈராசிரியர்:

கரிசல் அம்மா, அந்த மேசையின் அளவு எனக்கு வேண்டும். நீளம், அகலம், உயரம், அரைவட்டம் எவ்வளவு ஆழம் என்று அளந்து போட முடியுமா? என் பழைய மாணவிக்கு இப்போது 12 வயது இருக்கும். அவள் வீடு எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

கரிசல்_தையல்:

அளவுநாடா கையிலேயேதான் இருக்கிறது சார். நீளம் 28 அங்குலம், அகலம் 20. உயரம் 21. அரைவட்டம் 10 அங்குலம் அகலம், 6 ஆழம், விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கச் சொல்லுங்கள். ஆனால் இது என் பையன் அளவு. அவளுக்கு 12 வயது என்கிறீர்கள், அவளை உட்கார வைத்துத் தரையிலிருந்து முழங்கை வரை அளந்துவிட்டு ஆசாரியிடம் போங்கள். இடுப்புச் சுற்றளவும் எழுதி அனுப்புங்கள், வார் நான் தைத்துத் தபாலில் போடுகிறேன்.